இறுகிப்போன போல்ட்டை உடைக்காமல் கழற்றுவது எப்படி: சைலன்சர் ஸ்டட்டை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

மோட்டார் சைக்கிளில் கழற்றுபவரை அதிகம் சோதிக்கும் இணைப்பு எது என்று கேட்டால், இன்ஜின் ஹெட்டோடு (சிலிண்டரின் மேல்பாகம்) சைலன்சர் குழாயைப் பிடித்து நிற்கும் இரண்டு ஸ்டட்டுகளையும் (திருகு வரி, அதாவது மரை, வெட்டிய தலையில்லாத தண்டுகள்) அவற்றின் நட்டுகளையும்தான் பெரும்பாலான மெக்கானிக்குகள் காட்டுவார்கள். புகைக்குழாயின் வெப்பம் அங்கே இருக்கும் எண்ணெய்ப் பசையை எரித்துவிடுகிறது. முன்சக்கரம் வாரி இறைக்கும் மழைத்தண்ணீர் நேராக அங்கேதான் வந்து விழுகிறது. ஸ்டட்டோ இரும்பு, அது பதிந்திருக்கும் ஹெட்டோ அலுமினியம். தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னையின் கடலோரப் பகுதிகள் போன்ற உப்புக்காற்று வீசும் ஊர்களில் ஓடும் வண்டி என்றால், சில மழைக்காலங்களைக் கடந்த பிறகு அந்த நட்டு எளிதில் அசையாது. இந்த வழிகாட்டி அந்த ஸ்டட்டை மையமாக வைத்து எழுதப்பட்டிருந்தாலும், இன்ஜின் மூடியின் திருகுகள், டிஸ்க் பிரேக் போல்ட்டுகள் போன்றவற்றுக்கும் இதே முறைகள் சிறு மாற்றங்களுடன் பொருந்தும்.

தொடங்கும் முன் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. பத்தாம் நம்பர் ஸ்பேனர் போடும் 6 மி.மீ. போல்ட்டை இறுக்குவதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு சுமார் 10 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை). சாதாரணத் தரத்தில் உள்ள அதே போல்ட் 15 நியூட்டன் மீட்டரை நெருங்கும்போதே முறுக்கிக்கொண்டு முறியக்கூடிய நிலைக்கு வந்துவிடுகிறது. ஸ்பேனரில் ஒரு அடி நீளக் குழாயை மாட்டிப் பத்துக் கிலோ அளவுக்கு அழுத்தினால், அதில் ஏறுவது ஏறத்தாழ 30 நியூட்டன் மீட்டர். ஆகவே, பட்டறைகளில் முதல் ஆயுதமாக எடுக்கப்படும் அந்த நீளக் குழாய், 6 மி.மீ., 8 மி.மீ. போல்ட்டுகளைப் பொறுத்தவரை கடைசியில்கூட எடுக்க வேண்டாத ஒன்று. பின்சக்கர ஆக்சில் நட்டு போன்ற பெரிய நட்டுகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

எதனால் இறுகியிருக்கிறது என்று கண்டறிதல்

இறுகிய போல்ட் எல்லாமே துருப்பிடித்தது என்று நினைத்து எண்ணெய் அடிப்பதுதான் வழக்கம். உண்மையில் காரணம் மாறினால் மருந்தும் மாறும் என்பதால், கம்பி பிரஷ்ஷால் சுற்றிலும் சுத்தம் செய்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் இணைப்பைப் பார்க்க வேண்டும்.

செம்பழுப்பு நிறத் துரு தெரிந்தால் இரும்பும் இரும்பும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும் பொருள் என்பதால், மரைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை நிரப்பி ஆப்புபோல் இறுக்குகிறது. எண்ணெய், அதிர்ச்சி, வெப்பம் மூன்றும் இதற்குப் பலன் தரும். சுண்ணாம்புபோல் வெள்ளைப் பொடி தெரிந்தால், இரும்பு போல்ட் அலுமினியத்தோடு சேர்ந்து ஈரத்தில், குறிப்பாக உப்பு ஈரத்தில், ஒரு சிறு பேட்டரிபோல் இயங்கி அலுமினியத்தை அரித்திருக்கிறது என்று பொருள். இந்த வெள்ளைப் படிவத்துக்குள் எண்ணெய் அவ்வளவு எளிதில் இறங்காது. அலுமினியத்தைச் சூடாக்குவதே இதற்குச் சரியான வழி. மூன்றாவது வகை, தொழிற்சாலையிலேயே பசை தடவிப் பூட்டப்பட்டது. பிரேக் டிஸ்க் போல்ட்டுகளிலும் சில ஸ்ப்ராக்கெட் போல்ட்டுகளிலும் நீலம் அல்லது சிவப்பு நிறத்தில் காய்ந்த பசை மரையில் ஒட்டியிருக்கும். இதற்கு எத்தனை நாள் எண்ணெய் ஊறவைத்தாலும் பயனில்லை. வலுவான வகைப் பசை இளகச் சுமார் 250 டிகிரி செல்சியஸ் வரை இணைப்பைச் சூடாக்கி, அந்தச் சூடு இருக்கும்போதே திருக வேண்டும்.

சுழலும் திசையையும் இந்தக் கட்டத்திலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். வண்டிக்கு அடியில் படுத்து, தலைகீழாகப் பார்த்துக்கொண்டு, கழற்றுவதாக நினைத்து இறுக்குவது அனுபவசாலிகளுக்கும் நேரும். வலப்பக்கம் சுழற்றினால் கழலும் இடது மரை உள்ள இடங்களும் உண்டு. யமஹா வண்டிகளின் வலப்பக்கக் கண்ணாடித் தண்டு அதற்கு எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு.

வெளியே தெரியும் மரையைச் சுத்தம் செய்தல்

பலரும் தாண்டிப் போய்விடும் படி இது. நட்டுக்கு வெளியே ஸ்டட்டின் மரை 5 அல்லது 10 மி.மீ. நீண்டிருக்கும். நட்டு முதலில் சற்று அசைந்து கொடுக்கும். மகிழ்ச்சியோடு திருகிக்கொண்டே போனால், துருவும் கரியும் அடைந்த அந்த வெளிமரையில் ஏறி மீண்டும் இறுகி, ஸ்டட்டை முறித்துவிடும். நட்டு கழன்றுவிட்டது என்று நினைத்த பிறகு உடையும் ஸ்டட்டுகளில் பல இப்படித்தான் உடைகின்றன. ஆகையால் கம்பி பிரஷ்ஷாலும் கூரான ஊசியாலும் ஒவ்வொரு மரையின் பள்ளத்தையும் பளபளப்பு தெரியும்வரை சுரண்ட வேண்டும். மரை நசுங்கியிருந்தால் மெல்லிய முக்கோண அரத்தால் சீர்செய்துவிட்டு, அதே அளவு டை (வெளிமரை வெட்டும் கருவி) கிடைத்தால் ஒருமுறை ஓட்டிவிடலாம்.

எண்ணெய் விட்டு ஊறவைத்தல்

கடைகளில் எளிதில் கிடைக்கும் டபிள்யூடி-40, 1953-ஆம் ஆண்டு ஈரத்தை விலக்கித் துருவைத் தடுப்பதற்காக உருவாக்கப்பட்ட கலவை. லேசாகப் பிடித்த போல்ட்டுக்கு அது போதும். நன்றாக இறுகியதற்கு, மரைக்குள் ஊடுருவுவதற்கென்றே தயாரிக்கப்பட்ட ஸ்பிரேயை வாங்குவது நல்லது. ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலையும் அசிட்டோனையும் சரிபாதியாகக் கலந்து பயன்படுத்தும் பழக்கமும் பரவலாக உள்ளது. இரண்டும் தாமே பிரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். அசிட்டோன் பெயிண்டையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும், எளிதில் தீப்பற்றும் என்பதையும் மறக்கக் கூடாது. பிரேக் டிஸ்க், பேட் ஆகியவற்றின் பக்கத்தில் எந்த ஸ்பிரேயும் அடிக்கக் கூடாது.

எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு நேரம் என்பதே முக்கியம். மாலையில் ஒருமுறை, இரவு படுக்கப் போகும் முன் ஒருமுறை, காலையில் ஒருமுறை என்று விட்டு, ஒவ்வொரு முறையும் நட்டைச் சுத்தியலால் லேசாகத் தட்டினால், அந்த அதிர்வு துருவில் நுண்ணிய விரிசல்களை உண்டாக்கி எண்ணெய்க்கு வழி விடும். ஞாயிற்றுக்கிழமை கழற்ற வேண்டிய நட்டுக்குச் சனிக்கிழமையே எண்ணெய் விடும் பொறுமை இருந்தால், இந்த வழிகாட்டியின் பிற்பகுதி தேவைப்படாமலே போகலாம்.

அதிர்ச்சி கொடுத்தல்

தொடர்ந்து கொடுக்கும் முறுக்குவிசை போல்ட்டின் தண்டைத்தான் முறுக்குகிறது. சுருக்கென்று விழும் அடி, பிடித்திருக்கும் துருவை உடைக்கிறது. அதனால் ஸ்பேனரைப் போடும் முன்பே சுத்தியலுக்கு வேலை உண்டு. தலையுள்ள போல்ட் என்றால், தலையின் நடுவில் ஒரு தட்டையான இரும்புக் கம்பியை வைத்து நான்கைந்து முறை தெளிவாக அடிக்க வேண்டும். ஸ்டட்டின் மேலிருக்கும் நட்டு என்றால், ஒரு கனமான சுத்தியலை நட்டின் ஒரு பக்கத்தில் அணைத்துப் பிடித்து, எதிர்ப்பக்கத்தில் சிறிய சுத்தியலால் அடித்து, பிறகு அடுத்த இரு பக்கங்களுக்கு மாற வேண்டும். ஸ்டட்டின் நுனியில் நேராக அடித்தால் மரை நசுங்கி, வேலை இரட்டிப்பாகும். ஸ்டட் பதிந்திருக்கும் அலுமினிய ஹெட்டின் காது மெல்லியது என்பதால் பக்கவாட்டில் பெரிய சம்மட்டிக்கு இடமில்லை.

இன்ஜின் மூடிகளில் இருக்கும் நட்சத்திர (கூட்டல் குறி) வாய்த் திருகுகளுக்குத் தனிக் கவனம் தேவை. யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற பழைய வண்டிகளில் இருப்பது ஜப்பானியத் தரத்தின்படி வெட்டப்பட்ட வாய். சாதாரண ஸ்குரூ டிரைவரின் முனை அதன் அடிவரை சென்று உட்காராமல், திருகத் திருக மேலே ஏறி வாயை அரைத்துவிடும். ஜப்பானிய அளவு முனையை வாங்கலாம், அல்லது சாதாரண முனையின் நுனியைச் சற்றே தேய்த்துப் பொருந்தச் செய்யலாம். அதன் பின் சுத்தியலால் அடித்தால் சுழலும் கை இம்பாக்ட் டிரைவரை இடப்பக்கம் சுழலுமாறு திருப்பி வைத்து, உறுதியாகப் பிடித்து ஓர் அடி கொடுத்தால், பெரும்பாலான திருகுகள் அந்த ஓர் அடியிலேயே விட்டுக்கொடுக்கும். என்னைக் கேட்டால், பழைய வண்டி வைத்திருப்பவர் டார்க் ரெஞ்ச் வாங்கும் முன் வாங்க வேண்டிய கருவி இதுதான்.

ஸ்பேனரைப் போடும் விதம்

வாய் திறந்த ஸ்பேனர் இரண்டு பக்கங்களை மட்டுமே பிடிக்கும். இறுகிய நட்டுக்கு அது கூடவே கூடாது. பன்னிரண்டு மூலை ரிங் ஸ்பேனரும் மூலைகளை மட்டுமே பிடிப்பதால் உருட்டிவிடும். நட்டை முழுவதும் மூடிப் பிடிக்கும் ஆறு மூலை சாக்கெட்டே சரியானது. அதை நட்டின் மேல் முழுமையாக உட்காரும்வரை தட்டி இறக்கி, நேராகப் பிடித்து, முதலில் இறுக்கும் திசையில் ஒரு சிறு உந்து கொடுக்க வேண்டும். துருவின் பிடி எந்தத் திசையில் உடைந்தாலும் நமக்கு லாபமே.

கழற்றும் திசையில் விசை கொடுக்கும்போது கை உணர்வதைக் கவனிக்க வேண்டும். சட்டென்று 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டு, பின்னர் கனமாக ஆனால் ஒரே சீராகச் சுழன்றால் நட்டு விட்டுக்கொடுத்திருக்கிறது. சத்தமே இல்லாமல் ரப்பர்போல் இழுபட்டு, விசையை விட்டதும் ஸ்பேனர் பின்னால் வந்தால், சுழல்வது நட்டு இல்லை, தண்டு முறுக்கிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் நிறுத்தத் தெரிந்தவர் போல்ட்டைக் காப்பாற்றிவிடுவார். அசையத் தொடங்கிய நட்டை ஒரே மூச்சில் கழற்றாமல், கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே என்று முன்னும் பின்னும் ஓட்டி, இடையிடையே எண்ணெய் விட வேண்டும். கிறீச்சென்ற சத்தம் வந்தால் மரைக்குள் துருப்பொடி சேர்கிறது என்று பொருள். உள்ளே திருப்பி, எண்ணெய் விட்டு, மறுபடி வெளியே வர வேண்டும். நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் ஹெட்டிலிருந்து கழன்று வந்தால் கவலைப்பட எதுவுமில்லை. புதிய ஸ்டட் மலிவானது.

சூடு காட்டுதல்

இறுகிய எவர்சில்வர் டப்பாவின் மூடியை அடுப்பில் காட்டித் திறப்பதும் இதுவும் ஒரே தத்துவம்தான். எதைச் சூடாக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெளியே இருக்கும் பொருள் விரிய வேண்டும். ஸ்டட்டின் மேல் நட்டு பிடித்திருந்தால் நட்டையும், அலுமினியத்துக்குள் போல்ட் பிடித்திருந்தால் போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தையும் சூடாக்க வேண்டும். அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியக்கூடியது. 6 மி.மீ. துளையும் அதிலுள்ள போல்ட்டும் ஒன்றாகவே 150 டிகிரி சூடேறினாலும், துளை போல்ட்டைவிட ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அதிகம் விரிந்திருக்கும். கேட்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் தோன்றினாலும், வெள்ளைப் படிவத்தின் பிடியை உடைக்க அந்த இடைவெளி போதும்.

நெருப்பைப் பற்ற வைக்கும் முன் சில ஏற்பாடுகள் கட்டாயம். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வேறிடத்தில் வைக்க வேண்டும். கார்புரேட்டர் வண்டி என்றால் அதிலுள்ள பெட்ரோலையும் வடித்துவிட வேண்டும். அடித்த ஸ்பிரேயைத் துணியால் துடைத்து, காற்றாட விட வேண்டும். ஒயர்கள், ரப்பர், பிரேக் ஹோஸ் ஆகியவற்றின் மேல் ஈரத்துணி போர்த்த வேண்டும். வாயு நிரப்பிய ஷாக் அப்சார்பரின் அருகில் சுடரைக் கொண்டுபோகவே கூடாது, அது வெடிக்கக்கூடியது. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட பாகத்தைச் சூடாக்கினால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உருவாகும். ஆகவே சூடாக்கப்போகும் பாகத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவிக் காய விடுவதே பாதுகாப்பு. கண்ணாடியும் கையுறையும் அணிந்து, தீயணைப்பான் ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு திறந்தவெளியில் செய்ய வேண்டிய வேலை இது.

அலுமினியத்துக்கு ஹீட் கன் அல்லது சிறிய பியூட்டேன் டார்ச் போதும். இரும்பு சிவந்து எச்சரிக்கும். அலுமினியமோ நிறம் மாறாமலே இருந்து, திடீரென்று உருகிச் சரியும். அதனால் காஸ் வெல்டிங் சுடரை ஹெட்டின் காதில் பிடிப்பதற்கு நான் உடன்படமாட்டேன். சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் வட்டமாக அசைத்துச் சூடாக்கி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுர்ரென்று துள்ளி ஓடும் நிலை வந்ததும் சாக்கெட்டைப் போட்டு முயல வேண்டும். அசையவில்லை என்றால் ஆற விட்டு மறுபடியும் சூடாக்க வேண்டும். விரிவதும் சுருங்குவதும் மாறிமாறி நடப்பதே பாதி வேலையைச் செய்துவிடும். சுடரை அணைத்துவிட்டு, நட்டு சூடாக இருக்கும்போதே ஒரு மெழுகுவத்தியை மரை தொடங்கும் இடத்தில் தொட்டால், உருகிய மெழுகு உள்ளே இழுக்கப்பட்டு மரைக்கு வழுக்கல் கொடுக்கும். இது பழைய மெக்கானிக்குகளின் உத்தி; நன்றாகவே வேலை செய்கிறது.

தலை உருண்டுபோனால்

பத்தாம் நம்பர் நட்டின் மூலைகள் தேய்ந்திருந்தால், அங்குல அளவில் வரும் 3/8 சாக்கெட்டை அதன் மேல் அடித்து இறக்கலாம். அதன் வாய் 9.5 மி.மீ. என்பதால் தேய்ந்த நட்டை இறுகப் பிடிக்கும். அறுகோணக் குழி வாய் கொண்ட ஆலன் போல்ட்டின் வாய் உருண்டிருந்தால், உள்ளே இருக்கும் மண்ணைச் சுத்தமாக எடுத்துவிட்டு, சற்றே பெரிய டார்க்ஸ் (ஆறு முனை நட்சத்திர வடிவ) முனையை அடித்து இறக்கித் திருகலாம். இவை எதற்கும் இடம் தராத நட்டைக் காப்பாற்ற முயல்வதில் பொருளில்லை. நட் ஸ்பிளிட்டரால் பிளக்கலாம். அல்லது ஸ்டட்டுக்கு இணையாக நட்டின் ஒரு பக்கத்தைச் சிறிய கிரைண்டரால் மரை தெரியும்வரை அறுத்து, அந்த வெட்டில் உளி வைத்து ஒரு தட்டு தட்டினால் நட்டு வாய் பிளந்து கழன்றுவிடும்.

உடைந்தே போனால்

தண்டு வெளியே நீண்டிருக்கும்படி உடைந்திருந்தால் நல்ல காலம். சூடாக்கி, வைஸ் கிரிப் பிளையரால் பிடித்து, முன்னும் பின்னும் அசைத்துக் கழற்றலாம். மட்டமாக உடைந்திருந்தால், என் கருத்தில் முதல் தேர்வு வெல்டிங்தான். உடைந்த முனையின் மேல் ஒரு வாஷரையோ நட்டையோ வைத்து, அதன் துளை வழியாக உள்ளே வெல்டு நிரப்பும்போது, வெல்டு அலுமினியத்தில் ஒட்டாது; அதே நேரம் ஸ்டட் முழுவதும் கடுமையாகச் சூடேறித் துருவின் பிடி உடையும். சிவப்பு மறையும்வரை ஆற விட்டுத் திருகினால் வந்துவிடும்; சில சமயம் வெல்டு மட்டும் பெயர்ந்து வரும், மறுபடியும் வைக்க வேண்டும். வெல்டு வைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவது எல்லா வண்டிக்கும் அவசியம். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 விதிகளுக்குப் பிந்தைய பியூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான ஈசியூவின் இணைப்பையும் பிரித்துவிட வேண்டும். எர்த் கிளாம்ப்பை உடைந்த ஸ்டட்டுக்கு மிக அருகில் மாட்டினால் மின்சாரம் பேரிங்குகளின் வழியாகப் பாயாது.

வெல்டிங் வசதி இல்லாதபோது டிரில். உடைந்த முகத்தை அரத்தால் சமப்படுத்தி, மிகச் சரியான நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, 3 மி.மீ. டிரில்லால் மெதுவாக, எண்ணெய் விட்டுத் துளைக்க வேண்டும். நடுவிலிருந்து விலகினால் டிரில் கடினமான இரும்பை விட்டு மென்மையான அலுமினியத்துக்குள் ஓடிவிடும். இதைத் தவிர்க்க, சைலன்சரின் பிளேஞ்சை (ஸ்டட்டுகள் நுழையும் தகட்டை) இன்னொரு ஸ்டட்டில் மாட்டி, அதன் துளைக்குள் பொருந்துமாறு லேத் பட்டறையில் நடுவே துளையுள்ள ஒரு சிறு உருளையை (புஷ்) கடைந்து வைத்தால், டிரில் தானாகவே நேராக இறங்கும். 6 மி.மீ. ஸ்டட்டை 5 மி.மீ. வரை துளைத்துவிட்டால், எஞ்சுவது மரையின் சுருள் மட்டுமே. அதை ஊசியால் பிடுங்கி எடுத்து, டேப் (உள்மரை வெட்டும் கருவி) ஓட்டிச் சுத்தம் செய்யலாம். இடப்பக்கம் வெட்டும் டிரில் பிட் கிடைத்தால், துளைக்கும்போதே ஸ்டட் சுழன்று வெளியே வரும் வாய்ப்பும் உண்டு.

துளைத்த ஸ்டட்டுக்குள் இறக்கித் திருகும் ஈஸி அவுட் என்ற கருவியை 6 மி.மீ. ஸ்டட்டில் பயன்படுத்துவதை நான் பரிந்துரைப்பதில்லை. சாக்கெட்டால் அசையாத ஸ்டட்டை, அதைவிட மெல்லிய ஒரு கருவியால் அசைக்க முடியும் என்று நம்புவதற்குக் காரணமில்லை. அது உள்ளேயே உடைந்தால், சாதாரண டிரில் அதன் மேல் வழுக்கும். ஹெட்டைக் கழற்றி, கோயம்புத்தூர், அம்பத்தூர், ஓசூர் போன்ற தொழிற்பேட்டைகளில் மின்பொறி அரிப்பு எந்திரம் வைத்திருக்கும் பட்டறையைத் தேடிப் போக வேண்டிவரும்.

ஹெட்டை முழுவதுமாகப் பிரித்து, வால்வு முதலிய இரும்புப் பாகங்களை எல்லாம் எடுத்துவிட்டவர்களுக்கு ஒரு மெதுவான வழியும் இருக்கிறது. நாட்டுமருந்துக் கடைப் படிகாரத்தைத் தண்ணீரில் கரைத்துச் சூடாக வைத்தால், அந்தக் கரைசல் உடைந்த இரும்பை மெல்லக் கரைக்கும், அலுமினியத்தை அவ்வளவாகத் தொடாது. கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் உடைந்த எஃகுத் திருகை எடுக்கப் பயன்படுத்தும் முறை இது. ஸ்டட் அளவுக்கு நாட்கள் பிடிக்கும். வால்வு சீட்டுகளும் இரும்பு கலந்தவை என்பதால் கரைசல் அவற்றில் படாமல் உடைந்த துளையில் மட்டும் நிற்குமாறு செய்ய வேண்டும்.

துளையின் மரை போய்விட்டிருந்தால் ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் போடுவது நிரந்தரத் தீர்வு. 6 மி.மீ. மரைக்குச் சுமார் 6.3 மி.மீ. டிரில்லும், அந்தச் சுருளுக்கென்றே வரும் தனி டேப்பும் தேவை. துருவேறாத எஃகுச் சுருள் என்பதால் பழைய அலுமினிய மரையைவிட இது உறுதியாகவே நிற்கும்.

மீண்டும் பூட்டுதல்

துளைக்குள் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்கக் கூடாது. அடி மூடிய துளையில் அது இருக்க, மேலே போல்ட்டை இறுக்கினால், திரவம் போக வழியில்லாமல் அலுமினியத்தையே பிளந்துவிடும். புதிய ஸ்டட்டின் மரையில் தாமிரம் கலந்த ஆண்டி சீஸ் பசையை (மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் தடுப்பது) மெல்லியதாகத் தடவி, பித்தளை நட்டு அல்லது தாமிரப் பூச்சுள்ள நட்டு கிடைத்தால் அதையே போட வேண்டும். பசை தடவிய மரை குறைந்த டார்க்கிலேயே அதிகம் இறுகும் என்பதால், கையேட்டில் உள்ள அளவிலிருந்து கால் பங்கு அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். அழகுக்காக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டுகளை மாற்றுபவர்கள் இந்தப் பசையைத் தவிர்க்கவே கூடாது. பார்க்கத் துருவேறாதது என்றாலும், அலுமினியத்தை அரிப்பதில் அது சாதாரண இரும்புக்குச் சளைத்ததில்லை. ஸ்பார்க் பிளக்குக்கு மட்டும் இது விதிவிலக்கு: பூச்சோடு வரும் பிளக்குகளில் பசை தடவ வேண்டாம் என்று பிளக் தயாரிக்கும் என்ஜிகே நிறுவனமே சொல்கிறது.

சைலன்சர் கேஸ்கெட்டைப் புதிதாக மாற்றி, இரண்டு நட்டுகளையும் மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். வண்டியை ஓட்டிச் சூடேற்றி, முழுவதும் ஆறிய பிறகு நட்டுகளை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பிளேஞ்சைச் சுற்றிக் கரும்புகை படிந்திருந்தால் கேஸ்கெட் சரியாக அமரவில்லை. பசை காய்ந்து எரிந்துவிடும் இடம் என்பதால், மழைக்காலம் தொடங்கும் முன் ஆண்டுக்கு ஒருமுறை அந்த இரண்டு நட்டுகளையும் கழற்றி, புதிதாகப் பசை தடவிப் பூட்டிவிடலாம்.